கிட்டார் கடையும் உன் “செரிங்கம்மா”வும்

கண்ணு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்கு இந்தக் கடிதம் என்று நீ நினைப்பாய். நேரில் பேசினால் நான் இரண்டாவது பேச்சை முடிப்பதற்குள் “செரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாய். காகிதத்திடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை. கோயிலுக்குப் போகவேண்டும், நீ முன்னால் போ என்று காலையில் உன்னை அனுப்பினேன் இல்லையா, கோயிலுக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் பாப்பாவின் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் என்றாலும், கடைக்கு வந்திறங்கும் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் பேரெழுதி ஒட்டியது என் கைதான். படிக்கிற மாதிரித்தான் எழுதுவேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு காலேஜ் பையனிடம் நீ ஒரு பேச்சுச் சொன்னாய். அது என் காதில் விழுந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால், நம்ம கடை எப்படிக் கிட்டார் கடை ஆனது என்பதைச் சொல்லவேண்டும். உங்கப்பா அந்தக் கதையை ஒவ்வொருவரிடம் ஒவ்வொரு மாதிரி சொல்வார். கிட்டார் மேல் ஆசைப்பட்டு ஆரம்பித்தேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பார். அப்படி ஓர் ஆசையும் அவருக்கு இருந்ததில்லை. டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் அவர் வைத்திருந்தது ஆர்மோனியமும் டோலக்கும் சலங்கையும் விற்கிற சின்னக் கடை. உனக்கு அப்போது மூன்று வயசு. ஒருநாள் மெட்ராஸிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்தார். பையிலிருந்து ஒரு கிட்டாரை எடுத்து மேசைமேல் வைத்து, “சார், இனிமே பசங்கல்லாம் இதத்தான் கேப்பாங்க. ரெண்டு டஜன் அனுப்பிடவா?” என்றார். உங்கப்பா, “செரிங்க, பாக்கலாமுங்க” என்றார். “நல்ல மாடலா நானே பாத்துப் போட்டுடறேன்.” “செரிங்க.” “லாரில போடவா, ரயில்ல போடவா?” “எப்படியோ பாருங்க.” அந்த மனுஷன் டீயைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

நம்ம பக்கத்து ஆளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் புரிந்திருக்கும். “செரிங்க” என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். “பாக்கலாமுங்க” என்றால் வேண்டாம் என்று அர்த்தம். மெட்ராஸ்காரருக்கு இது எங்கே தெரியும்? இருபது நாள் கழித்து லாரி ஆபீஸிலிருந்து ஆள் வந்து, “ஏனுங்க, இருவத்திநாலு பொட்டி வந்திருக்குதுங்க. கடைக்குக் கொண்டாரதா, ஊட்டுக்குக் கொண்டாரதா?” என்று கேட்டபோது உங்கப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. வைக்கோல் திணித்த மரப்பெட்டிகள். கடையில் பாதிதான் நின்றது. மீதியை நம்ம வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் மேலும் அடுக்கினோம். கீழே பாய் போட்டுத்தான் மூன்று பேரும் படுத்தோம். “வேண்டாம்னு ஒரு வார்த்தை உங்க வாயில வராதுங்களா?” என்று நான் கத்தினேன். “அத்தன தூரத்திலிருந்து வந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா எப்படி அம்மணி வேண்டாங்கறது?” என்றார். திருப்பி அனுப்பலாமே என்றேன். “நம்பி அனுப்பிச்சிருக்கறாரு” என்றார். அவ்வளவுதான், கிட்டார் கடைக்காரர் ஆகிவிட்டோம்.

அந்த இருபத்தி நான்கையும் டியூன் பண்ணி வைத்தால்தான் விற்கும் என்று சர்ச்சில் வாசிக்கும் ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தார். தடிக்கம்பியில் அஞ்சாவது கட்டை, ஃப்ரெட் என்கிறார்களே, அதை அமுக்கித் தட்டினால் வருகிற சத்தம்தான் அடுத்த கம்பியின் சத்தம். அப்படியே ஒவ்வொன்றாக இறங்கி வரவேண்டும், ஒரே ஒரு கம்பிக்கு மட்டும் நாலாவது ஃப்ரெட். உங்கப்பா காதுக்கு ஆறு கம்பியும் ஒன்றுதான். முறுக்கி முறுக்கி ஒரே நாளில் மூன்று கம்பியை அறுத்தார். சாப்பாடு கொண்டுபோன நான் பார்த்துக்கொண்டே நின்றவள், “இங்க குடுங்க” என்று வாங்கி உட்கார்ந்தேன். எனக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஒரு நடுக்கம் வரும், அந்த நடுக்கம் நிற்கிற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் காலேஜ் வாத்தியார் ஒருத்தர், “எங்க மியூசிக் படிச்சீங்கம்மா?” என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கப்பா, “அஞ்சாவது ஃப்ரெட்டு வரைக்குமுங்க” என்றார். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம்தான் வரவேண்டும். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அப்புறம் நம்ம ஊரைச் சுற்றி எஞ்சினியரிங் காலேஜாக முளைத்ததும், வருஷா வருஷம் புதுப் பையன்கள் வந்து இறங்கியதும், அதே சந்தில் அஞ்சு கிட்டார் கடை வந்ததும் உனக்கே தெரியும். “மொத வருசம் வாங்குவான், மூணாம் வருசம் அதும்மேல துணி காயப்போடுவான், நாலாம் வருசம் நம்மகிட்டயே கொண்டாந்து விக்கப் பாப்பான்” என்று உங்கப்பா சொல்வார். அவர்கள் எல்லாரும் என்னிடம்தான் கிட்டாரை நீட்டுவார்கள். “அம்மா, இது டியூன்ல இருக்குதுங்களா?” என்று கேட்பார்கள். கட்டடம் கட்டப்போகிறவன், கம்ப்யூட்டர் செய்யப்போகிறவன், எல்லாரும் அஞ்சாங்கிளாஸ்காரி என்ன சொல்வாளோ என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது கண்ணு. ரொம்பவே பிடித்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள், இந்த இடத்தில்தான் என் தப்பு ஆரம்பிக்கிறது.

உங்கப்பா காரியத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். நீ பெங்களூரில் அந்த ரிக்கார்டிங் ஸ்டுடியோவில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இருபத்தி மூன்று வயசு. பதினாறாம் நாள் கூடத்தில் ஜமக்காளம் விரித்து உன் மாமன்கள், சித்தப்பாக்கள், சம்பந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் நான் உன்னைக் கேட்டேன், “கடைய நீ எடுத்து நடத்தறயா சாமி?” என்று. நீ குனிந்து ஜமக்காளத்தின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாய். சிவப்பு நூல். இழுத்து இழுத்து ஒரு முழம் வந்துவிட்டது. அப்புறம் நிமிராமல், “செரிங்கம்மா” என்றாய்.

உன் பெரிய மாமன் முதுகில் தட்டிக்கொடுத்தார். எல்லாரும் எழுந்து சாப்பிடப் போனோம்.

இருபத்தி நான்கு கிட்டார் எந்த வார்த்தையால் வந்து இறங்கியதோ, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவளா நான்? உங்கப்பாவோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? தெரிந்தது. அந்த நொடியிலேயே தெரிந்தது. மெட்ராஸ்காரர் தெரியாமல் எடுத்துக்கொண்டார், நான் தெரிந்தே எடுத்துக்கொண்டேன். தனியாக உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நீ வேறு ஏதாவது சொல்லியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கூடத்தில் வைத்துக் கேட்டேன். இதை இருபது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. என் மருமகள் கவிதாவிடம்கூட.

அதற்கப்புறம் நீ சொன்ன “செரிங்கம்மா” எல்லாவற்றையும் நேற்று எண்ணிப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதும் அதே வார்த்தைதான். அது நல்லபடியாக முடிந்தது, அது கவிதாவின் நல்ல மனசு, என் சாமர்த்தியம் இல்லை. கடைக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு வேண்டாம், இந்த வீட்டிலேயே எல்லாரும் இருக்கலாம் என்றேன், செரிங்கம்மா. பெயர்ப்பலகையில் உங்கப்பா பேர் அப்படியே இருக்கட்டும் என்றேன், செரிங்கம்மா. ஞாயிற்றுக்கிழமையும் திறக்கலாம் என்றேன், அதற்கும் அதே. போன மாசம் பாப்பா என்னிடம் ஒன்று சொன்னாள். “அப்பத்தா, அப்பா கிட்டார் வாசிச்சு நான் பாத்ததே இல்ல” என்றாள். நான் சிரித்தேன், “போடி, உங்கப்பன் வாசிச்சா வீதியே நிக்கும்” என்று பெருமையடித்தேன். பிறகு யோசித்தேன். அவளுக்குப் பதினேழு வயசு. பதினேழு வருஷமாக நீ வாசிக்கவில்லை. சரிபார்ப்பதற்கு ரெண்டு தட்டுத் தட்டுவாய், ஆணியில் மாட்டிவிடுவாய். முப்பது கிட்டாருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற உன்னைத் தினமும் பார்க்கிற நான், இதைப் பேத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கடை படுத்துவிட்டது என்பது நமக்குத் தெரியாததா? சந்தில் இருந்த அஞ்சு கடையில் ஒன்று மொபைல் கவர் விற்கிறது, ஒன்று பிரியாணி, ஒன்று பூட்டியே கிடக்கிறது. கடைசியாகக் கொரோனாவுக்கு அப்புறம் தாமஸ் கடையும் போயிற்று. பெங்களூர் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்த தாமஸ், “அம்மா, கிட்டாருக்கு ஒண்ணும் ஆகலீங்க, முன்ன விட ஜாஸ்தி பேர் வாசிக்கறாங்க. கடைதான் தேவப்படல” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். வாஸ்தவம்தான். போனிலேயே கிட்டார் வந்து இறங்குகிறது, போனிலேயே டியூனும் பார்த்துக்கொள்கிறார்கள். கம்பியைத் தட்டினால் பச்சை விளக்கு எரிகிறதாம். பாப்பா காட்டினாள். என் காதையும் அதையும் வைத்து ஒருநாள் பந்தயம் கட்டினோம். இரண்டும் ஒன்றே சொன்னது. பாப்பா கைதட்டினாள். நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நம்ம நாள் எப்படிப் போகிறது என்று பார். பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறாய். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தொங்குகிற முப்பதையும் ஒவ்வொன்றாக இறக்கி டியூன் பண்ணுகிறேன். பன்னிரண்டரை ஆகிவிடும். யாரும் வருவதில்லை. மறுநாள் அதே முப்பது. நான் நிறுத்திவிட்டால் கடை செத்துப்போனதாக நீ நினைத்துக்கொள்வாய் என்று உனக்காகப் பண்ணுகிறேன். நீ என்ன செய்கிறாய்? ஒன்றுமே விற்காமல் இருக்கும்போது போன தீபாவளிக்கு ஆறு புதுக் கிட்டார் இறக்கினாய். ஆணி காலியாக இருந்தால் அம்மா மனசு சங்கடப்படும் என்று எனக்காக இறக்கினாய், கவிதா சொல்லிவிட்டாள். நீ எனக்காக வாங்கி மாட்டுகிறாய், நான் உனக்காக முறுக்குகிறேன். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காவல் இருக்கிற மாதிரி அந்தப் பத்தடிக்குள் உட்கார்ந்திருக்கிறோம். மூலையில் மூன்றடி பெஞ்சில் நீ ரிப்பேர் பார்க்கிறாயே, அங்கே மட்டும்தான் உன் முகம் கொஞ்சம் தெளிகிறது. ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கிட்டாரைப் பஸ்ஸில் போட்டு உன் கைக்கு அனுப்புகிறார்கள். அதற்குக் கடை எதற்கு என்று எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

இனி திங்கட்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். நான் ஸ்பீக்கர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் ஒரு மணி நேரமாக, தொங்கிய எல்லாக் கிட்டாரையும் எடுத்து வாசித்தான். அப்புறம், “அண்ணா, மாடல் நம்பர் மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?” என்றான். எனக்குக் கோபம் வந்தது. நீ சாதாரணமாக, “எடுத்துக்கங்க தம்பி. ஆன்லைன்லயே போட்ருங்க. வந்ததும் கம்பி ஒசரமா இருக்கும், கொண்டாங்க, எறக்கித் தாரேன்” என்றாய். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “ஏண்ணா, நீங்களே இப்படிச் சொன்னா கடை எப்படிண்ணா ஓடும்?” என்றான். “ஓடலீங்க தம்பி, நின்னுட்டுத்தான் இருக்குது” என்றாய் நீ. இரண்டு பேரும் சிரித்தீர்கள். “அப்பறம் எதுக்குண்ணா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டான்.

“அம்மா இருக்கற வரைக்கும் இருக்கட்டுமுங்க” என்றாய்.

வேறு யார் கேட்டிருந்தாலும் இப்படி ஒரு மகன் கிடைப்பானா என்று சொல்லியிருப்பார்கள். என் கையிலிருந்த உருண்டை வாய்க்குப் போகவில்லை. கண்ணு, எனக்கு இப்போது எழுபத்தொன்று. உன் அம்மாயி, என்னைப் பெற்றவள், தொண்ணூற்று மூன்று வரைக்கும் இருந்தாள், கடைசி மாசம் வரைக்கும் முறுக்குக் கடித்தாள். என் உடம்பு அந்த உடம்பு. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பாப்பாவோடு மாடி ஏறுகிறேன். நானும் அவளை மாதிரி இருந்தேன் என்றால் நீ அந்த ஷட்டரை இன்னும் இருபத்திரண்டு வருஷம் தூக்கவேண்டும். அப்போது உனக்கு அறுபத்தைந்து. நான் நன்றாக இருக்கிற ஒவ்வொரு நாளும் நீ அங்கே உட்கார வேண்டிய ஒரு நாள் என்று ஆகிவிட்டது. என்னை நீ வெறுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வெறுத்திருந்தால் எப்போதோ போயிருப்பாய்.

அன்று சாயங்காலம் கவிதாவைச் சமையலறையில் பிடித்தேன். “ஏன் அம்மணி, இவன் மொகம் ஏன் ஒரு வாரமா இப்படி இருக்குது?” என்றேன். “ஒண்ணுமில்லீங்க அத்தை” என்று மிக்ஸியைப் போட்டாள். நான் மிக்ஸியை அணைத்தேன். மறுபடி போட்டாள். நான் பிளக்கையே பிடுங்கிவிட்டேன். அதற்கப்புறம்தான் சொன்னாள். தாமஸ் பெங்களூரில் கிட்டார் செய்கிற பட்டறையில் இருக்கிறார், ரிப்பேர் பகுதி முழுக்க உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மூன்று வருஷமாகக் கூப்பிடுகிறார், இப்போது வேறு ஆளைப் போடப்போகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் நீ ஒரு பதில் சொல்லவேண்டும் என்றாள். “என்ன சொல்லப்போறானாம்?” என்றேன். “பாக்கலாமுங்கன்னு சொல்லியிருக்கறாருங்க அத்தை” என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவேண்டியதில்லை, நானும் கேட்கவேண்டியதில்லை. நாளைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை.

நேற்று கண் டாக்டரிடம் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேனே, அங்கே போகவில்லை. ஆட்டோ பிடித்துக் கோட்டைமேட்டுக்குப் போனேன், நம்மிடம் கடை வாடகை வாங்குகிற கட்டடக்காரர் பாய் வீட்டுக்கு. உன் வாயில் வராததை நானே சொல்லி முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். நேராகவே, “பாய், நாங்க கடையக் காலி பண்ணிக் குடுத்தர்றோமுங்க” என்றேன். என் வாழ்நாளில் சுற்றிவளைக்காமல் நான் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அவர் பதறிப்போனார். “அட, என்னக்கா பேச்சு இது! யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? நீங்க இருங்க. ஆயுசுக்கும் இருங்க” என்றார். “நீங்க இடிச்சுக் கட்டோணும்னு நெனைக்கறீங்களா இல்லீங்களா?” என்றேன். “டீ ஆறுதுங்கக்கா” என்றார். “டீ கெடக்குது. ஆமாவா, இல்லையா?” அவர் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, “ஆமாங்கக்கா. நாலு வருசமா” என்றார். “நாலு வருசமா கடைக்கு வந்து வெயிலப் பத்தியே பேசிட்டிருந்தீங்களே பாய்!” “வேற என்னத்தக்கா பேசறது? அண்ணன் படத்துக்குக் கீழ நீங்க ஒக்காந்திருக்கறீங்க.” அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டோம். நான் எழுந்தேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். வாசல் வரைக்கும் வந்து பாய் சொன்னார்: “அக்ரிமெண்டு தம்பி பேர்ல இருக்குதுங்கக்கா. தம்பி வாயத் தொறந்து சொல்லட்டும். உங்க பேச்ச வெச்சு நான் எடுத்தா, பாய் வயசானவங்கள ஏமாத்திப்போட்டாருன்னு வீதியே பேசும்.”

ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த என்னால் முடிந்தது. திறந்துவிட என்னால் முடியவில்லை. அது உன் வாயால்தான் ஆகவேண்டும்.

அப்பாவின் கடை, அப்பாவின் பேர் என்று நான் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பாதிப் பொய். உங்கப்பா இருந்தால் எப்போதோ மூடியிருப்பார். அவருக்கு அந்தக் கிட்டாரே விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டதுதான். கடை எனக்குத்தான் வேண்டியிருந்தது. வீட்டில் நான் யார்? சோறு வடிக்கவும் துணி மடிக்கவும் தெரிந்த ஒருத்தி. கடையில் நான் அம்மா. படித்தவர்கள் என் காதைக் கேட்டுக்கொண்டு நின்ற இடம் அது ஒன்றுதான். அதை விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை, தனியாக உட்காரவும் முடியாது, அதனால் உன்னைக் கூட உட்காரவைத்தேன். அம்மா பேரைச் சொல்லி நீ பொறுத்துக்கொண்டாய், அப்பா பேரைச் சொல்லி நான் அனுபவித்துக்கொண்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்டால் உடனே நீ “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா” என்பாய். அதனால் கேட்கவில்லை. தெரிந்துகொள், போதும்.

புத்தி சொல்ல எனக்கு இனி வாயில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பாப்பாவுக்கு அடுத்த மாசம் பரிட்சை முடிகிறது. என்ன படிக்கிறாய் என்று அவளை நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்காதே. தனியாகக் கூப்பிட்டுக் கேள். அவள் உடனே சரி என்று சொல்லிவிட்டால், மறுநாள் மறுபடி கேள். அந்தச் சரியைச் சொல்லும்போது அவள் கை என்ன செய்கிறது என்று பார். முடியாது என்று அவள் சொன்னால் சந்தோஷப்படு, அவளுக்கு உன்னிடம் பயமில்லை என்று அர்த்தம். கவிதாவையும் கேள். பெங்களூர் அவளுக்கு இஷ்டமா என்று இதுவரைக்கும் யாராவது கேட்டோமா? நான் கேட்கவில்லை. அவள் மிக்ஸியைப் போட்டுவிடுவாள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேள்.

நான் உங்களோடு வருவேனா என்று நீ கேட்பாய். பிறகு பார்க்கலாம் என்று எழுதப் போனேன், அது நம்ம ஊர்ப் பாஷையில் வேண்டாம் என்று ஆகிவிடும். எனக்குத் தெரியவில்லை, அதுதான் நிஜம். அதை இப்போது முடிவு பண்ணாதே. அம்மா என்ன செய்வாள் என்று யோசிக்க ஆரம்பித்தால் உனக்கு வெள்ளிக்கிழமை போய்விடும்.

மத்தியானம் பஸ்ஸில் கோபிக்குப் போகிறேன், உன் சித்தி வீட்டுக்கு. பத்து நாள் இருப்பேன். சண்டை போட்டுக்கொண்டு போவதாக நினைக்காதே. நான் வீட்டில் இருந்தால் தாமஸுக்குப் போன் போடும்போது என் முகத்தைப் பார்ப்பாய், பார்த்தால் வாய் மாறிவிடும். என் போனை அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறேன், சித்தி போனிலும் பேசமாட்டேன், சொல்லிவைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கவிதா உன் கையில் கொடுப்பாள். முதலில் தாமஸிடம் சொல், அப்புறம் பாயிடம் போய்ச் சொல். போக இஷ்டமில்லை, கடையில்தான் இருப்பேன் என்று உனக்கே உண்மையாகத் தோன்றினால் அதையும் வாயைத் திறந்து சொல், எனக்காக என்று மட்டும் சொல்லாதே. எது சொன்னாலும் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிப்போக வா.

நீ கடையை மூடினால் நான் சந்தோஷப்படுவேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் அப்படி எழுதமாட்டேன். அழுவேன். சித்தி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுவேன். அழுதுவிட்டுப் போகிறேன் விடு, அது என் அழுகை. நீ போனை எடு.

அம்மா